மூன்று கோவில்களும் ஒரு குருவானவரும்

குருவானவர் ஒருவர் விடைபெற்றுச் செல்லும் நாள் எந்தச் சபைக்கும் கலக்கந் தரும் நாளே. பிரியாவிடை ஆராதனை முடிந்து, பெட்டிகள் ஏற்றப்பட்டு, குருமனையின் கதவு பூட்டப்பட்டதும், "இனி வருபவர் யார்?" என்னும் வினா ஊரெங்கும் எழும். நம் நாட்டில் அவ்வினாவுக்கு விடை பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்து சேரும். அங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர் ஒருவரை அனுப்புவார். மெதடிஸ்த திருச்சபையில் மகாநாடு கூடி, இன்ன சேகரத்துக்கு இன்னார் என்று தீர்மானிக்கும். வருபவரைச் சபை மாலையிட்டு வரவேற்கும். பழகப் பழக அவரை அறிந்துகொள்ளும்.

ஆனால், அவ்வினாவுக்கு விடையையும் ஊராரே தேடிக்கொள்ளும் ஒரு திருச்சபை உண்டு. அதுவே ஸ்கொத்லாந்துத் திருச்சபை. கொழும்பிலே காலி வீதி வழியாகக் கொள்ளுப்பிட்டியைக் கடந்து செல்வோர், ஸ்கொட்ஸ் கேர்க் எனப்படும் கல்லாலான ஆலயத்தைக் கண்டிருப்பர். அம்மரபின் தாயகத்திலே, கிராமச் சபைகள் இரண்டு மூன்றாக இணைந்து தமக்கு ஒரு குருவானவரைத் தேடும் முறையைப் பற்றியே இன்று உங்களுடன் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

அத்திருச்சபையில் அத்தியட்சர்கள் இல்லை. ஒவ்வொரு சபையையும் குருவானவரும் மூப்பர்களும் சேர்ந்த மூப்பர் சங்கம் பரிபாலிக்கும். பல சபைகளுக்கு மேலே, குருமாரும் மூப்பர்களும் ஒருங்கே அமரும் வட்டார மன்றம் உண்டு. அதனைப் பிரெஸ்பிற்றரி என்பர். யாவற்றுக்கும் மேலாக எடின்பரோ நகரிலே ஆண்டுதோறும் கூடும் பேரவை இருக்கிறது. இவ்வமைப்பில் எந்தத் தனி மனிதருக்கும் ஒரு சபையின் மீது குருவானவரைச் சுமத்தும் அதிகாரம் கிடையாது. குருவானவரை அழைக்கும் உரிமை சபையாருடையது.

இந்த உரிமை எளிதிற் கிடைத்த ஒன்றன்று. 1560ஆம் ஆண்டு ஜோன் நொக்ஸ் முதலியோர் சீர்திருத்தத் திருச்சபைக்கு வகுத்த ஒழுங்குநூலிலேயே, தம் குருவைத் தெரிவு செய்தல் அந்தந்தச் சபையாருக்கு உரியது என்னும் கொள்கை இடம்பெற்றது. ஆயினும் நடைமுறை வேறாயிருந்தது. நிலப்பிரபுக்களும் அரசரும் புரவலர் என்னும் பெயரால், தத்தம் ஊர்க் கோவிலுக்கு வேண்டியவரை நியமிக்கும் உரிமையைக் கையில் வைத்திருந்தனர். 1690இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 1712இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதனை மீண்டும் ஏற்படுத்திற்று. அது மக்கள் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. 1733இல் எபனேசர் எர்ஸ்கினும் அவரைச் சேர்ந்தோரும் பிரிந்துபோய்த் தனிச்சபை கண்டதற்கு இப்புரவலர் உரிமையே பெருங் காரணம்.

அடுத்த நூற்றாண்டில் நடந்த இரு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன். 1834ஆம் ஆண்டு, பேத்சயர் பகுதியிலுள்ள ஒக்டெராடர் என்னும் ஊருக்குக் கின்னூல் பிரபு ஒரு குருவை நியமித்தார். அவரை அழைக்கும் பத்திரத்தில் ஊரார் இருவரே ஒப்பமிட்டனர். திருவிருந்தில் பங்குகொள்ளும் குடும்பத் தலைவர்கள் 330 பேரில் 287 பேர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வட்டார மன்றம் அவரை ஏற்க மறுத்தது. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1838இல் ஸ்கொத்லாந்து நீதிமன்றமும், 1839இல் இலண்டனில் பிரபுக்கள் சபையும் புரவலர் பக்கமே தீர்ப்பளித்தன.

இரண்டாவது நிகழ்ச்சி 1841ஆம் ஆண்டு தை மாதத்தில், வடகிழக்கே மார்னொக் என்னும் ஊரில் நடந்தது. அங்கு நியமனம் பெற்றவரின் அழைப்புப் பத்திரத்தில் ஒப்பமிட்ட சபையார் ஒரேயொருவர். அவர் சாராயச் சத்திரம் நடத்தியவர். அக்குருவைப் பதவியில் அமர்த்தும் நாளில், சபையார் தம் ஆட்சேபத்தைச் சொல்லி, வேதப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, கோவிலை விட்டு எழுந்து வெண்பனியில் இறங்கிப் போயினர். தங்கள் முன்னோர் தொழுத கோவிலை விட்டுப் போவது அவர்களுக்கு இலேசான காரியமாய் இருந்திருக்குமா? எண்ணிப் பாருங்கள்.

இவ்வாறு மூண்ட நெருப்பு 1843ஆம் ஆண்டு வைகாசி 18ஆம் திகதி பெருந்தீயாய் எழுந்தது. அன்று எடின்பரோவிற் கூடிய பேரவையிலிருந்து குருமார் பலர் வெளியேறி, வீதி வழியே அணிவகுத்து நடந்து, வேறொரு மண்டபத்திற் கூடினர். தோமஸ் சாமேர்ஸ் என்பாரைத் தலைவராகக் கொண்டு சுயாதீனத் திருச்சபையை நிறுவினர். ஏறக்குறைய 1,200 குருமாரில் 450 பேருக்கு மேற்பட்டோர் அவ்வாறு பிரிந்தனர். வேதனமும் குருமனையும் அவர்களை விட்டுப் போயின. 1874ஆம் ஆண்டிலேதான் சட்டம் புரவலர் உரிமையை நீக்கித் தெரிவுரிமையைச் சபையாரிடம் ஒப்படைத்தது. பிரிந்தவர்களிற் பெரும்பாலோரின் வழிவந்தோர் 1929இல் மீண்டும் தாய்ச்சபையுடன் ஒன்றாயினர்.

நேயர்களே, அவ்வொற்றுமை மகிழ்ச்சியைத் தந்தது. கூடவே ஒரு சங்கடத்தையும் தந்தது. பிரிந்திருந்த காலத்தில் ஒரே ஊரில் இரண்டு கோவில்கள், இரண்டு குருமனைகள் எழுந்திருந்தன. ஒற்றுமை வந்தபின் அவை யாவும் ஒரே திருச்சபைக்கு உரியவை ஆயின. அதேவேளை, கிராமங்களிலிருந்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து கொண்டிருந்தனர். நானூறு பேர் அமரக்கூடிய கோவிலிலே நாற்பது பேர் அமரும் நிலை வந்தது. ஒவ்வொரு கோவிலுக்கும் ஒவ்வொரு குருவானவர் என்பது இயலாததாயிற்று.

அதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்றே சபைகளின் இணைப்பு. இதனை ஐக்கியத்துடன் மயக்கிக் கொள்ளலாகாது. ஐக்கியமென்றால் இரு சபைகள் கலந்து ஒரே சபையாதல். பெயர், சொத்து, மூப்பர் சங்கம் யாவும் ஒன்றாகிவிடும். இணைப்பிலோ அவை தனித்தனிச் சபைகளாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தன் மூப்பர் சங்கம், தன் கணக்கு, தன் கோவில் உண்டு. குருவானவர் மட்டும் பொது. ஞாயிறு காலையில் ஒரு கோவிலில் ஆராதனையை முடித்துக்கொண்டு, அவர் அடுத்த கோவிலுக்கு விரைந்து செல்வார். சேகரம் என்னும் சொல்லை அறிந்த நம் மெதடிஸ்த நேயர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 3,200 பேர். அத்தீவில் கில்கோமன், கில்மெனி, போட்னஹேவன் என்னும் மூன்று சபைகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே குருவானவருக்கு உரிய இணைந்த சபைகளாகத் திருச்சபையின் ஆண்டுநூலில் இடம்பெற்றிருந்தன. அவற்றுள் போட்னஹேவன் கோவில், அரசாங்கப் பணத்தில், பொறியியலாளர் தோமஸ் டெல்போட்டின் மேற்பார்வையில், மலைநாட்டிலும் தீவுகளிலும் கட்டப்பட்ட 32 கோவில்களுள் ஒன்று. அதன் முகப்பிலே இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று போட்னஹேவன் ஊராருக்கும், மற்றையது பக்கத்திலுள்ள போட் வீம்ஸ் ஊராருக்கும் உரியன என்று சொல்வது வழக்கம்.

ஒரு கோவிலுக்குள்ளேயே இரண்டு ஊருக்கு இரண்டு வாசல் வேண்டியிருந்ததென்றால், மூன்று கோவில்கள் சேர்ந்து ஒரு குருவானவரைத் தெரிந்துகொள்வது எத்தகைய காரியம் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். வடம் ஒன்று, கைகள் பல. எல்லோரும் ஒரே திசையில் இழுத்தால்தானே தேர் நகரும்?

இனி, அவர்கள் தேடும் முறையைப் பார்ப்போம். குருவானவர் ஓய்வு பெற்றாலோ வேறிடம் சென்றாலோ வெற்றிடம் ஏற்படுகிறது. உடனே வட்டார மன்றம் இடைக்காலத் தலைவர் ஒருவரை நியமிக்கும். மூப்பர் சங்கங்களுக்குத் தலைமை தாங்குவதும், தெரிவு முறையாக நடைபெறுகிறதா என்று கவனிப்பதும் அவர் கடமை. தெரிவிலே அவருக்கு வாக்கு இல்லை. அடுத்தபடியாக, புதிய குருவை அழைக்க அனுமதி வழங்கலாமா என்று மன்றம் ஆராயும். இதுவே சபையாரின் நெஞ்சு படபடக்கும் கட்டம். அனுமதி முழுமையாகவும் கிடைக்கலாம். சில ஆண்டுகளின் பின் மறுபரிசீலனைக்கு உட்பட்டதாகவும் கிடைக்கலாம். அல்லது இன்னொரு சபையுடன் இணையும்படியோ ஐக்கியமாகும்படியோ சொல்லப்படலாம். குருவானவர் இருக்கும்வரை பேசப்படாத விடயங்கள் யாவும் அவர் நீங்கியதும் மேசைக்கு வந்துவிடுகின்றன.

அனுமதி கிடைத்ததும் வாக்காளர் இடாப்புத் தயாரிக்கப்படும். பின்னர் சபையார் கூடித் தெரிவுக் குழுவை நியமிப்பர். அதன் உறுப்பினர் தொகை பதின்மூன்றுக்கு மேற்படாதிருத்தல் நெடுங்கால விதி. இணைந்த சபைகளில், எந்தச் சபைக்கு எத்தனை இடம் என்பதை இணைப்பு ஒப்பந்தம் வரையறுக்கும். சிறிய சபையார், "எங்கள் குரல் அமிழ்ந்துபோகுமோ?" என்று அஞ்சுவர். பெரிய சபையார், "செலவிற் பெரும்பங்கு எங்களதன்றோ?" என்று எண்ணுவர். குருமனை எந்த ஊரில் இருப்பது, காலை ஆராதனையில் முன்னேரம் யாருக்கு, பின்னேரம் யாருக்கு என்பனவும் சிறு விடயங்கள் போலத் தோன்றும். ஆயினும், சபைகளின் மனம் நோவதும் ஆறுவதும் இத்தகைய சிறு விடயங்களினாலேயே.

குழுவின் முதல் வேலை, தங்கள் சபைகளையும் ஊரையும் பற்றிய விவரணம் ஒன்றை எழுதுவதாகும். அங்கத்தினர் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, கூரை ஒழுகுகிறதா, பிள்ளைகள் வருகிறார்களா, ஊரிலே பாடசாலை எங்கே, வைத்தியர் எங்கே என்பவற்றை அது சொல்ல வேண்டும். எத்தகைய குருவை விரும்புகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இது கேட்பதற்கு இலேசான வேலை. செய்யப் புகுந்தாலோ கடினம். பெண் பார்க்க வருவோருக்கு வீட்டின் வெடிப்பைத் திரைபோட்டு மறைப்பது போல, குறைகளை மறைத்து எழுதும் ஆசை எவருக்கும் வரும். அவ்வாறு எழுதினால் வருபவர் ஏமாறுவார். ஏமாந்தவர் நெடுநாள் தங்கார். உள்ளதை உள்ளபடி எழுதப் புகுந்தாலோ, மூன்று சபையாரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தங்கள் நிலையைத் தாங்களே முதன்முறை பார்க்க வேண்டியவராகின்றனர். "எங்களிடம் இளையோர் இல்லை" என்று ஒரு சபை சொல்ல, "எங்களிடமும் இல்லை" என்று மற்றது சொல்லும். அந்த இடத்திலேதான் உண்மையான இணைப்புத் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பின்னர் விண்ணப்பங்கள் வரும். குழுவினர் விண்ணப்பதாரரின் பிரசங்கத்தைக் கேட்க அவரவர் கோவிலுக்குச் செல்வதும் உண்டு. ஊரார் அறியாவண்ணம் பல ஆசனங்களிற் பிரிந்து அமர்ந்து கேட்பர் என்று சொல்வார்கள். நேர்முகம் நடக்கும். நடந்தவை இரகசியமாகப் பேணப்படும். ஈற்றில் குழு ஒரேயொரு பெயரைத்தான் சபைமுன் வைக்கும். பலரை நிறுத்தி ஒருவரைப் பொறுக்கும் தேர்தல் அங்கில்லை. கட்சி பிரிந்து, தோற்றவர் பக்கத்தார் மனம் கசந்து நிற்பதற்கு இதனால் இடம் குறைகிறது. குறித்த ஞாயிறன்று அந்த ஒரே அபேட்சகர் சபைமுன் ஆராதனை நடத்திப் பிரசங்கிப்பார். அதன்பின் இடாப்பிலுள்ளோர் இரகசிய வாக்களிப்பர். வேண்டும், வேண்டாம் என்னும் இரண்டே விடைகள். பெரும்பான்மையோர் வேண்டும் என்றால் தெரிவு நிறைவுறும்.

அதன்பின்னும் அழைப்புப் பத்திரம் ஒன்று இருக்கிறது. சபையார் அதில் தத்தம் கையொப்பத்தை இடுவர். ஒக்டெராடரில் இருவரும் மார்னொக்கில் ஒருவரும் மட்டுமே ஒப்பமிட்ட அதே வகைப் பத்திரம்தான். வட்டார மன்றம் அதனை ஏற்றதும், புதிய குருவின் வாழ்க்கைக்கோ போதனைக்கோ ஆட்சேபம் உள்ளவர் முன்வரலாம் என்னும் அறிவித்தல் ஆராதனையில் வாசிக்கப்படும். ஆட்சேபம் இல்லையெனின் பதவியேற்பு ஆராதனை நடைபெறும். 1968ஆம் ஆண்டு முதல் பெண்களும் குருத்துவ அபிஷேகம் பெற அத்திருச்சபை வழிவகுத்துள்ளது. ஆகவே அழைக்கப்படுபவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. முந்நூறு ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை இன்று எந்நிலையில் உள்ளது? 1950களின் நடுப்பகுதியில் அத்திருச்சபையின் அங்கத்தினர் 13 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். 2023ஆம் ஆண்டு முடிவில் அத்தொகை ஏறக்குறைய 2,60,000 ஆகக் குறைந்திருந்தது. குருமார் தொகையும் குறைந்தது. 2021ஆம் ஆண்டுப் பேரவை, வட்டார மன்றங்கள் யாவும் தத்தம் பகுதிக்கு எத்தனை குருமார், எந்தெந்தக் கோவில்கள் என்று திட்டம் வகுக்கப் பணித்தது. அதன் வழியாகப் பல இணைப்புகளும் ஐக்கியங்களும் நிகழ்ந்தன. கோவில்கள் பல மூடப்பட்டு விற்பனைக்கு வந்தன. அன்று புரவலர் ஒருவர் வேண்டாத குருவைத் திணித்தார், மக்கள் எதிர்த்தனர். இன்று திணிப்பவர் எவருமில்லை. விளம்பரம் செய்தும் விண்ணப்பம் ஒன்றேனும் வாராத கிராமங்களே இருக்கின்றன. தெரிவுரிமை இருக்கிறது, தெரிவதற்கு ஆள் இல்லை. எதிரி வெளியில் நிற்கும்போது ஒன்றுகூடுவது எளிது. இல்லாமை ஒன்றே எதிரியாய் நிற்கும்போது ஒன்றுகூடுவது அரிது.

அப்படியிருந்தும் அவர்கள் தேடுவதை ஏன் விடவில்லை? காரணம் இதுதான். ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் குருவானவர் அங்கத்தினருக்கு மட்டும் உரியவரல்லர். நாட்டின் ஒவ்வொரு பங்கிலும் வாழும் மக்கள் யாவருக்கும் திருப்பணி சென்றடையச் செய்தல் தன் கடமை என்று அத்திருச்சபை, 1921ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த தன் பிரகடனத்திலே கூறியிருக்கிறது. கோவிலுக்கு ஒருபோதும் வாராதவர் இறந்தாலும் அவரை அடக்கஞ் செய்ய அழைக்கப்படுபவர் பங்குக் குருவே. பாடசாலைக்குச் செல்பவரும், நோயாளியின் கட்டிலருகே அமர்பவரும், புயலில் மீன்படகு திரும்பாத இரவிலே கதவைத் தட்டுபவரும் அவரே. ஆகவே, சபையார் தெரிவது தமக்கான ஒருவரை மட்டுமன்று. வாக்களிக்காத அயலவருக்குமாகவே அவர்கள் தெரிகின்றனர்.

வெற்றிடக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மாதக் கணக்கில் நீளும். சில இடங்களில் ஆண்டுக் கணக்கிலும் நீளும். அக்காலத்தில் மூப்பர்கள் நோயாளரைச் சந்திக்கின்றனர். பயிற்சி பெற்ற பொதுநிலை வாசகர்கள் ஆராதனை நடத்துகின்றனர். ஓய்வுபெற்ற குருமார் உதவிக்கு வருகின்றனர். இன்று இந்தக் கோவிலில் மட்டுமே ஆராதனை என்று அறிவிக்கப்படும் ஞாயிறுகளில், மற்றக் கோவிலார் வண்டியேறி அங்கு வரவேண்டும். முதல்முறை அவர்கள் விருந்தினர் போலப் பின்வரிசையில் அமர்வர். அடுத்தமுறை யாரோ ஒருவர் அவர்களுக்காக இடம் பிடித்து வைத்திருப்பார். குருவானவர் வருமுன்னரே அவர்கள் அயலவர் ஆகிவிடுவர். அவ்வாறு ஆகாவிடின், எத்தகைய குருவானவர் வந்தாலும் அவர் மூன்று கோவில்களுக்கிடையில் ஓடிக்களைத்துப் போவாரேயன்றி, மூன்றையும் ஒன்றாக்க அவரால் இயலாது.

நேயர்களே, இது கடல்கடந்த நாட்டின் கதை. ஆயினும், நம் ஊர்களிலும் ஆட்கள் குறைந்த கோவில்கள் உண்டு. பிள்ளைகள் குறைந்த பாடசாலைகள் உண்டு. இரண்டு மூன்று கிராமங்கள் கூடி ஒருவரைத் தலைமைக்குத் தேடவேண்டிய சங்கங்கள் உண்டு. எச்சமயத்தவராயினும், எப்பணிக்காயினும், நல்ல ஒருவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் காத்திருப்பது வழக்கம். அந்த ஸ்கொத்லாந்துக் கிராமத்தார் கையிலுள்ள விவரணப் பத்திரத்தை நினைவிற் கொள்வோமாக. வரப்போகின்றவரிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்று எழுதுமுன், அவர் வந்து எங்களிடம் எதைக் காண்பார் என்று அவர்கள் எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை நேர்மையாக எழுதி முடித்த சபை, குருவானவர் வரும்வரை காத்திருக்கவும் வல்லது; வந்தபின் அவரோடு வாழவும் வல்லது.